கிடைப்பதும் கைவருவதும்: கற்பனை உலக ஆட்டங்களில் அரிய ஆயுதங்கள்

2022 பிப்ரவரியில் வெளிவந்த 'எல்டன் ரிங்' ஆட்டத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட ஆயுதங்கள் உண்டு. ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் உருவாக்கி, ஹிடெடாகா மியாசாகி இயக்கிய அந்தக் கற்பனை உலகத்தில் ஐரோப்பிய நெடுவாள், ஜப்பானியக் கட்டானா, பாரசீக வளைவாள் எல்லாம் கிடைக்கும். அந்த வரிசையில், சாட்டை வகைக்குள் 'உறுமி' என்று ஓர் ஆயுதம் இருக்கிறது. கைமுட்டியில் மாட்டும் ஆயுதங்களின் வகையில் 'கட்டார்' இருக்கிறது. அந்த உறுமி எங்கள் மலைப்பக்கத்து ஆயுதம். தேனி மாவட்டத்துப் போடியிலிருந்து முந்தல் வழியாகப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அங்குள்ள எல்லைச் சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில், சிலம்ப ஆசான்கள் சுருள்வாள் என்று சொல்வதும், அந்தப் பக்கம், கேரளத்தில், களரி ஆசான்கள் உறுமி என்று சொல்வதும் ஒன்றுதான். இந்த மலையின் இரு சரிவுகளுக்கும் பொதுவான ஆயுதத்தை இன்று போடியில் ஒரு பையன் திருவிழாவில் பார்ப்பதைவிடத் திரையில் பார்ப்பதற்கே வாய்ப்பு அதிகம். ஆட்டத்துக்குள் அது ஓர் ஆயுதம் மட்டும். ஆட்டத்துக்கு வெளியே அது உண்மையிலேயே அரிய ஆயுதமாகிவிட்டது.

கற்பனை உலகச் சண்டை ஆட்டங்களில் அரிய ஆயுதத்தைத் தேடுவதும் பயன்படுத்துவதும் பற்றி நாற்பதாண்டுக் கால அனுபவம் சேர்ந்திருக்கிறது. ஓர் ஆயுதத்தை அரியதாக்க ஆட்டம் செய்பவர்கள் மூன்று வழிகளைக் கையாண்டிருக்கிறார்கள். முதல் வழி பகடை: அடித்த எதிரி ஆயுதத்தைப் போடுவானா மாட்டானா என்பது அதிர்ஷ்டம். இரண்டாவது இடம்: ஆயுதம் ஓர் இடத்தில் ஒளிந்திருக்கும், வழி தெரிந்தவருக்கே அகப்படும். மூன்றாவது கை: யாருக்கும் கிடைக்கும், ஆனால் எல்லாருக்கும் வசப்படாது. முதல் வழியில்தான் இந்தத் தொழில் பெரும்பணம் பார்த்தது. ஆடுபவருக்கு அதனால் கிடைத்ததுதான் மிகக் குறைவு என்பது என் முடிவு.

பகடையின் வேர் 1980இல் வந்த 'ரோக்' ஆட்டத்தில் இருக்கிறது. எழுத்துக் குறிகளால் வரைந்த பாதாளத்தில், ஒவ்வொரு முறையும் வேறு வேறு பொருள்கள் கிடக்கும். அதை ஒரு பெரும் வணிகமாக்கியது பிளிசார்டு நிறுவனத்தின் 'டியாப்லோ'. 1997 தொடக்கத்தில் கடைகளுக்கு வந்த அந்த ஆட்டத்தில் ஆயுதத்தின் பெயருக்கு முன்னும் பின்னும் ஒட்டுகள் சேர்ந்து, எண்ணற்ற வாள்கள் தாமாகவே உருவாயின. 2000இல் வந்த 'டியாப்லோ 2' நிறங்களை நிலைநிறுத்தியது: சாதாரணம் வெள்ளை, மாயம் நீலம், அரியது மஞ்சள், தொகுதி பச்சை, ஒன்றேயானது பொன். 2004இன் 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' சாம்பலில் தொடங்கி ஆரஞ்சில் முடியும் வரிசையைக் கொடுத்தது. இன்று கைப்பேசியில் எந்த ஆட்டத்தைத் திறந்தாலும் ஊதாவைவிடப் பொன்னிறம் உசத்தி என்று ஒன்பது வயதுப் பிள்ளைக்கும் தெரிகிறது. ஆயுதத்தை எடுத்து வீசிப் பார்க்கும் முன்பே அதன் மதிப்பை நிறம் சொல்லிவிடுகிறது. வாளின் எடையை, நீளத்தை, அது எந்தக் கைக்கு ஒத்துவரும் என்பதைப் பார்க்கும் கண் அங்கேயே மங்கத் தொடங்கியது.

பகடையின் கணக்கை விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆடுபவர்கள் பலர் அதைத் தப்பாகவே புரிந்துகொள்கிறார்கள். ஓர் எதிரி இருநூறில் ஒரு முறை ஒரு வாளைப் போடுவான் என்று வைத்துக்கொள்வோம். இருநூறு பேரை வீழ்த்தினால் வாள் கிடைத்துவிடும் என்று நம்பி உட்காருகிறோம். இருநூறு பேரை வீழ்த்திய பிறகும் வெறுங்கையோடு இருப்பவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 37 பேர். பாதிக்குப் பாதி வாய்ப்பு வர 139 பேரை வீழ்த்த வேண்டும். நூற்றுக்கு 95 உறுதி வேண்டுமென்றால் 598 பேர். ஒவ்வொரு முறையும் பகடை புதிதாக உருளுகிறது. முன்பு எத்தனை முறை ஏமாந்தோம் என்பது அதற்கு நினைவில்லை. எல்டன் ரிங்கிலும் இப்படிப்பட்ட ஓர் ஆயுதம் உண்டு. தள்ளாடி நடக்கும் 'நோபிள்' என்ற எதிரிகள் எப்போதாவது போடும் மெல்லிய வாள் அது. அதற்காக ஒரே இடத்தில் மணிக்கணக்காக 'ஃபார்ம்' பண்ணியவர்கள், அதாவது அதே எதிரிகளைத் திரும்பத் திரும்ப வீழ்த்தியவர்கள், ஏராளம். பொருள் கண்டெடுக்கும் வாய்ப்பைக் கூட்டும் 'ஆர்கேன்' பண்பை உயர்த்துவதும், வெள்ளியில் ஊறிய கோழிக்காலைத் தின்பதும் ஓரளவு உதவும். பகடை அப்போதும் பகடைதான்.

சில நிறுவனங்கள் இந்தச் சலிப்புக்கு ஒரு வரம்பு கட்டின. 2020இன் 'கென்ஷின் இம்பாக்ட்' ஆட்டத்தில் ஐந்து நட்சத்திரப் பாத்திரம் அதிகபட்சம் 90 முறை குலுக்குவதற்குள் வந்தே தீரும். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் அந்த ஒவ்வொரு முறைக்கும் நேரம் அல்லது காசு கொடுக்க வேண்டும். வரம்பு என்பது அங்கே செலவின் உச்சவரம்பாகவும் ஆகிவிடுகிறது. பிள்ளைகள் கையில் கைப்பேசியைக் கொடுக்கும் வீடுகள் இந்த ஒரு விஷயத்தையாவது தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

பகடை வழியின் பெரிய பாடம் 2012இல் நடந்தது. 'டியாப்லோ 3' ஆட்டத்துக்குள் ஓர் ஏலக்கூடம் திறந்தார்கள். கிடைத்த வாளை ஆட்டத்துப் பொற்காசுக்கோ உண்மைப் பணத்துக்கோ விற்கலாம். போடியில் ஏலக்காய் ஏலம் எப்படி நடக்கிறது என்று பார்த்தவர்களுக்கு அங்கே நடந்தது உடனே விளங்கும். ஸ்பைசஸ் போர்டு மேற்பார்வையில் போடியிலும் கேரளத்துப் புற்றடியிலும் மின்னணு ஏலம் நடக்கிறது. பல தோட்டத்துக் காய்கள் ஒரே திரையில் வந்து, பருமனும் நிறமும் பார்த்து விலை விழுகிறது. காய்க்கு அது சரி, விளைவித்தவர் விற்கத்தான் விளைவிக்கிறார். வாளுக்கு அது ஒத்துவரவில்லை. உலகெங்கும் இலட்சக்கணக்கானவர்களுக்குக் கிடைத்தவை ஒரே சந்தையில் குவிந்ததும், நல்ல ஆயுதம் வேண்டுமென்றால் குகைக்குள் போவதைவிட ஏலத்திரையைப் பார்ப்பதே சுலபமாயிற்று. தேடல் போயிற்று, ஆட்டமே அதற்காகத்தானே இருந்தது? 2014 மார்ச் 18 அன்று பிளிசார்டே அந்தக் கூடத்தை மூடியது. தான் போட்ட கடையை ஒரு நிறுவனம் ஆட்டத்தின் நலம் கருதி மூடியதை நான் மதிக்கிறேன்.

வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்டின் 'தண்டர்ஃபியூரி' வாளும் பகடைதான், ஆனால் அதன் கதை வேறு. வாளுக்குத் தேவையான இரண்டு பிணைப்புகளும் 'மோல்டன் கோர்' குகையில் இரண்டு எதிரித் தலைவர்களிடம் இருந்தன. 40 பேர் கூடிப் போக வேண்டும், வாரத்துக்கு ஒரு முறைதான் போகலாம், போனாலும் பிணைப்பு விழுவது அபூர்வம். விழுந்தால் 40 பேரில் யாருக்கு என்று கூட்டம் கூடி முடிவெடுக்க வேண்டும். அந்த வாளை வைத்திருப்பவர் தன் குழுவின் உழைப்பைத் தோளில் சுமந்தார். பகடையைச் சகிக்க வைத்தது அந்தக் கூட்டுறவு.

இரண்டாவது வழி, இடம். இதில் ஃப்ரம்சாஃப்ட்வேருக்கு நிகர் இல்லை. எல்டன் ரிங்கில் 'மூன்வெய்ல்' என்ற கட்டானா வேண்டுமா, கேல் சுரங்கத்தின் அடியில் இருக்கும் நெருப்புப் பாம்பை வெல்ல வேண்டும். 'டார்க் மூன்' நெடுவாள் வேண்டுமா, ரன்னி என்ற சூனியக்காரியின் நீண்ட கதையைக் கடைசிவரை பின்தொடர வேண்டும். இதில் பகடை இல்லை. வழி தெரிந்தால் கிடைக்கும், தெரியாவிட்டால் பக்கத்திலேயே நடந்து போனாலும் கிடைக்காது. ஏலக்காட்டுக்குள் வேலை செய்பவர்கள் எந்த ஓடைக்குப் பக்கத்தில் எந்தச் செடி என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். அந்த வகை அறிவைத்தான் இந்த ஆட்டம் கேட்கிறது.

இடத்தோடு காலத்தையும் சேர்த்துவிட்டால் அருமை இன்னும் கூடுகிறது. லெய்ன்டெல் என்ற தலைநகரத்தில், ஒரு மாபெரும் ஈட்டி நகரத்தின் குறுக்கே குத்தி நிற்கிறது. அதன் மேல் ஏறி நடந்து போனால் 'போல்ட் ஆஃப் கிரான்சாக்ஸ்' என்ற மின்னல் ஈட்டி கிடைக்கும். அங்குள்ள பொன்மரத்துக்குத் தீ வைத்து, கதை இன்னும் நகர்ந்த பிறகு தலைநகரம் சாம்பலில் புதைந்துவிடும். அந்த ஈட்டியும் அந்த ஆட்டத்தில் இனி இல்லை. முதல் முறை ஆடுபவர் பலர் அதை இழந்திருக்கிறார்கள். இதைக் கொடுமை என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊர் அழிந்தால் ஊரின் ஆயுதமும் அழியும் என்பது எத்தனை உண்மை என்று, நம் நாட்டுப் பாளையங்களின் கதைக்கு வரும்போது தெரியும்.

ஆனால் இட வழியிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. இடம் ஒருவருக்குத் தெரிந்தால் போதும், மறுநாளே உலகத்துக்கே தெரிந்துவிடும். எல்டன் ரிங் வந்த சில மாதங்களில் 'ரிவர்ஸ் ஆஃப் பிளட்' என்ற கட்டானாவை எதிராளிகள் எல்லாரும் ஏந்தி வந்தார்கள். பனிமலைமேல் ஒரு பாழடைந்த தேவாலயத்தில் படையெடுத்து வரும் ஒகினா என்பவனை வீழ்த்தினால் அது நிச்சயம் கிடைக்கும். இடம் மர்மமாக இருந்தவரை அது அரிய வாள், மர்மம் உடைந்ததும் பள்ளிச் சீருடை மாதிரி ஆகிவிட்டது. 2022லேயே நிறுவனம் திருத்தங்கள் கொண்டுவந்து அதன் பலத்தைக் குறைத்தது. எல்லாரும் ஏந்தும் ஆயுதத்தை அரியது என்று நிறத்தாலோ பெயராலோ நிலைநாட்ட முடியாது.

மூன்றாவது வழிக்கு வருகிறேன். அரிய ஆயுதம் பற்றிய பேச்சின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஆயுதம் கிடைத்த பிறகு என்ன செய்கிறோம்?

பெரும்பாலானவர்கள் செய்வது, பையில் போட்டு வைப்பது. இதைவிடப் பெரிய எதிரி வருவான், அப்போது எடுக்கலாம் என்று. கடைசி எதிரியும் செத்துப்போவான், வாள் பையிலேயே இருக்கும். 2017இன் 'ஜெல்டா: ப்ரெத் ஆஃப் தி வைல்ட்' இதற்கு ஒரு முரட்டு மருந்து கொடுத்தது. அங்கே வாள்கள் அடிக்க அடிக்க உடையும்; சேர்த்து வைப்பதில் பொருளில்லை என்று விரைவில் புரிந்துவிடும். உடையாத மாஸ்டர் வாளைக் கற்பீடத்திலிருந்து உருவ வேண்டுமானால் 13 இதயங்கள் சேர்த்திருக்க வேண்டும். அதற்கு முன் இழுத்தால் உயிர்தான் போகும். வாள் எங்கே இருக்கிறது என்று தெரிந்தும், கையை வைத்தும், இன்னும் தகுதி வரவில்லை என்று திரும்பி வருவது ஆடுபவர் மறக்காத அனுபவம்.

எல்டன் ரிங்கில் ஒவ்வோர் ஆயுதமும் உடலிலும் மனத்திலும் ஒரு தகுதி கேட்கிறது: வலிமை, லாகவம், அறிவு, நம்பிக்கை, ஆர்கேன். உறுமிக்கு வலிமை 10 போதும், லாகவம் 19 வேண்டும். இரண்டு கையால் பிடித்தால் வலிமை ஒன்றரை மடங்காகக் கணக்காகும், ஆகவே கனமான வாள்களுக்கு அது ஒரு குறுக்கு வழி. லாகவத்துக்கு அப்படிக் குறுக்கு வழி இல்லை. பிறகு பட்டை தீட்டுதல். சாதாரண ஆயுதங்கள் கொல்லன் கல்லால் +25 வரை ஏறும், தனிச்சிறப்புள்ளவை வேறு கல்லால் +10 வரை. கற்கள் அரிதாகவே கிடைப்பதால், எந்த ஆயுதத்தில் செலவழிப்பது என்பது உண்மையான முடிவு. என் ஆலோசனை கேட்டால்: கிடைத்த அரிய வாளை உடனே தீட்டாதீர்கள். தெரிந்த எதிரியிடம், தீட்டாமலேயே ஒரு மாலைப்பொழுது சுழற்றிப் பாருங்கள். எத்தனை தூரம் எட்டுகிறது, ஓங்கிய பிறகு எத்தனை நேரம் நீங்கள் காப்பின்றி நிற்கிறீர்கள், எதிரி முன்னால் வந்தால் பின்வாங்க இடம் கொடுக்கிறதா, இவற்றைக் கை தெரிந்துகொண்ட பிறகு கல்லைச் செலவழியுங்கள். பட்டியலில் முதலிடம் பிடித்த ஆயுதம் உங்கள் விரலுக்குத் தாமதமாகப் பட்டால், அது உங்களுக்கு மட்டமான ஆயுதம்.

சாட்டை வகையின் அடியை எதிராளி தட்டிவிட முடியாது என்பது உறுமிக்கு அந்த ஆட்டத்தில் கிடைத்த நியாயமான வரம். நிஜத்திலும் அதன் பலம் அதுதான். நீண்ட, விரல் அகல மெல்லிய எஃகுத் தகடு. இடுப்பில் பெல்ட் மாதிரிச் சுற்றிக்கொள்ளலாம். கேடயத்தில் பட்டால் வளைந்து அதைத் தாண்டி வெட்டும். ஆனால் அதை வீசுபவர் நிற்கக்கூடாது. தலைக்கு மேலும் பக்கவாட்டிலும் எட்டுப் போட்டுச் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். சுழற்சி தளர்ந்த கணம் தகடு துவண்டு, வீசியவர் தோளிலோ காலிலோ வந்து விழும். அதனால்தான் களரியில் அது கடைசியில் கற்றுத் தரப்படும் ஆயுதம். உடற்பயிற்சியான மெய்த்தாரி, கம்புப் பயிற்சியான கோல்தாரி தாண்டி, ஆயுதப் பயிற்சியான அங்கத்தாரிக்கு வந்து, வாளும் கேடயமும் பழகிய பிறகே உறுமி. சிலம்பத்திலும் புதிதாகப் பழகுபவர் கையில் முதலில் துணியைத்தான் கொடுப்பார்கள். துணி மேலில் படாமல் சுழற்ற வந்த பிறகு தகடு. கேரளத்து வடகரையின் களரி ஆசான் மீனாட்சி அம்மா எழுபது வயதைத் தாண்டியும் களரியில் இறங்கி நிற்பவர்; 2017இல் பத்மஸ்ரீ பெற்றார். அந்த வயதில் அந்தக் கை அப்படி ஓடுகிறதென்றால் எத்தனை ஆண்டுப் பழக்கம் என்று நாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஆட்டத்தில் இந்த ஆபத்து இல்லை. பொத்தானை அழுத்தினால் தகடு போகிறது, விட்டால் திரும்புகிறது. வீசுபவர் காயப்படுவதே இல்லை. வலிமை 10, லாகவம் 19 என்ற இரண்டு எண்கள், பல ஆண்டுப் பயிற்சியின் இடத்தை எடுத்துக்கொண்டன. ஆட்டத்தை இதற்காகக் குறை சொல்லவில்லை. பெயர் சொல்லி உலகத்துக்கு அறிமுகப்படுத்தியதே பெரிது. ஆனால் அந்த ஆயுதத்தை அரியதாக்குவது எதுவோ அதுவே திரைக்கு வெளியில் நின்றுவிட்டது.

கட்டாருக்கும் இதே நிலைதான். நம் நாயக்கர் காலக் கட்டாரியின் பிடி இரண்டு குறுக்குக் கம்பிகள். முஷ்டியால் பிடித்தால் குத்துவாளின் அலகு முன்கையின் நீட்சியாகிவிடும், தோளின் முழு பலமும் நுனிக்கு வரும். தஞ்சாவூர்க் கட்டாரிகளில் கைக்கு மேல் பாய் விரித்த மாதிரி ஒரு காப்புத் தகடு உண்டு. பலவற்றில் அலகு ஐரோப்பாவில் செய்தது. கப்பலில் வந்த வாள்களின் அலகை நம் கொல்லர்கள் தங்கள் பிடியில் பொருத்தினார்கள். போடியும் மதுரை நாயக்கர் அமைப்பின் 72 பாளையங்களில் ஒன்று. இந்த ஊர்களுக்கெல்லாம் கட்டாரி என்பது ஒரு காலத்தில் அன்றாடப் பொருள். தஞ்சை அரச வம்சம் 1855இல் ஆண் வாரிசு இல்லாமல் போனதும் அரண்மனை ஆயுதசாலை கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தது. 1860களில் அதிலிருந்த சிறந்தவற்றைச் சென்னை அருங்காட்சியகத்துக்கு எடுத்துக்கொண்டு, மற்றவற்றை உடைத்து உலோக விலைக்கு விற்றார்கள். தப்பியவை இன்று எழும்பூரிலும் வெளிநாட்டு அருங்காட்சியகங்களிலும் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றன. பகடையாலோ இடத்தாலோ அவை அரியவை ஆகவில்லை, ஒரு நிர்வாக முடிவால் ஆயின.

வளரியின் கதை இன்னும் நெருக்கமானது. பிறை வடிவில், ஒரு முனை கனமாகவும் மறுமுனை மெலிந்தும் இருக்கும் எறிதடி. பெரும்பாலும் கெட்டியான மரம், சில வேளை இரும்பு. தஞ்சை ஆயுதசாலையிலிருந்து யானைத் தந்தத்தில் செய்தவையும் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தன. மெலிந்த முனையைப் பிடித்து, தோளுக்கு மேல் சில முறை சுழற்றி வேகம் ஏற்றி விடுவார்கள். ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனி அதிகாரி, 1795 வாக்கில் சிவகங்கையில் சின்ன மருதுவிடமே வேலெறியவும் வளரி வீசவும் கற்றதாக 1830இல் வெளியான தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். தேர்ந்த கையில் நூறு கஜத்துக்குள் குறி தப்பாது என்பது அவர் சாட்சி. அதே வெல்ஷ் 1801இல் மருது சகோதரர்களுக்கு எதிராகச் சென்ற படையில் இருந்தார். அவ்வாண்டு அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவின் அறிவிப்பு பாளையங்களின் ஆயுதங்களைப் பறித்தது, கோட்டைகளை இடிக்கச் சொன்னது. வேட்டைக்கு வளரி எறிவது அதன் பின்னும் சில காலம் இருந்தது. போருக்கு எறிந்த கை, கற்றுக்கொடுக்க ஆளில்லாமல் மெல்ல மறைந்தது. ஆசான் போன பிறகு ஆயுதம் மட்டும் கிடைத்து என்ன செய்வது? ஆக்ஸ்ஃபோர்டின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்தில் வளரி இருக்கிறது. நூறு கஜத்துக்கு அதைக் குறி தப்பாமல் எறிபவரைக் காண்பதுதான் அரிது.

இந்திய ஆட்டம் செய்பவர்கள் இந்தத் திசையில் வரத் தொடங்கிவிட்டார்கள். புனேயின் நோடிங் ஹெட்ஸ் நிறுவனம் 2020இல் வெளியிட்ட 'ராஜி' ஆட்டத்தில் நாயகி திரிசூலமும் வில்லும் வாளும் ஏந்துகிறாள். கடவுளர் கொடுத்த ஆயுதங்கள் அவை. பாளையத்துக் கொல்லனும் வேட்டைக்காரரும் செய்த ஆயுதங்களுக்கு எனக்குத் தெரிந்து இன்னும் அப்படியோர் ஆட்டம் வரவில்லை. தென் மாவட்டத்து இளைஞர்கள் யாராவது அதில் இறங்கினால், வளரியிலிருந்து தொடங்கலாம் என்பேன். 2024 ஜூனில் வந்த எல்டன் ரிங்கின் கூடுதல் பகுதியில் எறியும் ஆயுதங்கள் சேர்ந்தன. எறிந்ததும் அவை மாயத்தால் கைக்கே திரும்பிவிடுகின்றன. போர் வளரி அப்படித் திரும்பாது. எறிந்தால் அது போய் விழுந்த இடத்தில்தான் கிடக்கும், எதிரியைத் தாண்டி ஓடிப்போய்த்தான் எடுக்க வேண்டும். இடுப்பில் எத்தனை செருகிக்கொண்டு போவது, மரமா இரும்பா, முதல் வீச்சு யாருக்கு, தோளுக்கு மேல் எத்தனை சுற்று சுற்றலாம் அதற்குள் எதிரி எத்தனை அடி நெருங்குவான் என்று ஒவ்வொரு சண்டையிலும் ஆடுபவர் முடிவெடுக்க வேண்டியிருக்கும். மரவளரியை முதல் ஊரிலேயே கொடுத்துவிடலாம். பூட்டிய பெட்டி தேவையில்லை, பொன்னிறமும் தேவையில்லை. நூறு கஜத்தை எட்டும் வீச்சு மட்டும், ஓர் ஆசானிடம் போய்ப் பல முறை தப்பவிட்டுப் பழகிய பிறகே வரட்டும்.